பள்ளத்துக்குப் பதிலாக ஒரு குளம்

எங்கள் வீட்டில் எது உடைந்தாலும் அங்கிளுக்குச் சந்தோஷம். குழாய் ஒழுகினால், கதவுக் கீல் கழன்றால், மிக்ஸி புகைந்தால், அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். பழுது பார்க்க மாட்டார். அது அவருக்குக் கேவலம். காதில் செருகிய பென்சிலை எடுப்பார், இடுப்பிலிருந்து டேப்பை இழுப்பார், அளப்பார். பிறகு, "விடும்மா, இதப் புடுங்கிட்டு வேற வச்சிடலாம்லா" என்பார். சாயங்காலத்துக்குள் அந்த இடத்தில் வேறு ஒன்று இருக்கும். பழையது எங்கே போனது என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. அவர் உயிரோடு இருந்தபோதே அதை நான் சொன்னதில்லை. மலேசியாவில் டாக்சி ஓட்டுகிறவரும் அங்கிள், பழம் வெட்டி விற்கிறவரும் அங்கிள், அம்மாவைக் கட்டிக்கொண்டவரும் அங்கிள். அந்த வசதியை நான் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை.

என் அப்பா கிள்ளான் துறைமுகத்துக்கு லோரி ஓட்டியவர். ஒரு நாள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே மாரடைப்பில் போய்விட்டார். நான் அப்போது மூன்றாம் படிவத்தில் இருந்தேன், பதினைந்து வயது. சில மாதம் கழித்து, சமையலறைத் தொட்டி ஒழுகுகிறது என்று அம்மா யாரிடமோ சொல்ல, யாரோ இவரை அனுப்பிவைத்தார்கள். வீடுகளுக்கு டைல் ஒட்டுவது, கூரை போடுவது, கால்வாய் கட்டுவது என்று சின்னச் சின்னதாக ரெனோவேஷன் வேலை எடுத்துச் செய்கிறவர். முதலில் தொட்டியை மாற்றினார். பிறகு தரையை மாற்றினார். நான் ஐந்தாம் படிவப் பரீட்சை எழுதி முடிப்பதற்குள் என் அப்பாவையும் மாற்றிவிட்டார்.

எங்கள் தாமான் குடியிருப்பில் யாரிடம் கேட்டாலும் அவரைத் தங்கமான மனுஷன் என்பார்கள். குடிக்க மாட்டார். அம்மாவை ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. டியூஷன் முடிந்து நான் மழையில் நின்றால், சிமெண்டு வாசனை அடிக்கும் வேனைச் சரியாக என் எதிரில் கொண்டுவந்து நிறுத்துவார். முன் சீட்டில் எனக்காக ஒரு துண்டு விரித்திருக்கும். இவ்வளவும் எனக்குத் தெரியும், தெரிந்துதான் வெறுத்தேன். அடிக்கிற ஆளாக இருந்திருந்தால் மாமாவிடமோ ஆசிரியரிடமோ போய்ச் சொல்லியிருக்கலாம். இவரைப் பற்றி யாரிடம் என்னவென்று சொல்வது?

என் பூனை செத்த கதையைச் சொல்கிறேன். பள்ளிச் சீருடையைக்கூடக் கழற்றாமல் பின்வாசலில் உட்கார்ந்து நான் அழுதுகொண்டிருந்தேன். சாயங்காலம் அங்கிள் ஓர் அட்டைப்பெட்டியோடு வந்தார். திறந்தால் உள்ளே இன்னொரு பூனை.

"பாரு பாப்பா, அதே கலர். வாலுகூட அதே மாதிரி மடங்கியிருக்கு."

எங்கள் ஊர்த் தெருப்பூனைகளில் பாதிக்கு வால் மடங்கித்தான் இருக்கும். அதை அவர் கண்டுபிடித்ததுபோலச் சொன்னார். நான் அந்தப் பூனைக்குப் பெயர் வைக்கவில்லை. அது என்ன பாவம் செய்தது, அவர் மடியிலேயே படுத்து வளர்ந்து பெரிதானது. அவர் அதைப் பழைய பூனையின் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்.

கிள்ளானில் எங்கள் வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஒரு சந்து, சந்தைத் தாண்டினால் ஒரு சதுப்பு. ஆற்றங்கரைவரை கோரையும் ஆகாயத்தாமரையுமாகக் கிடக்கும். தாமானில் எல்லோரும் அதைப் பள்ளம் என்போம். அழகான இடம் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். நாறும். உடைந்த சோபாவையும் பழைய மெத்தையையும் கொண்டுபோய்ப் போடுகிற இடமும் அதுதான். ஆனால் ஆறு நிரம்பினால் தண்ணீர் முதலில் பள்ளத்துக்குத்தான் வரும். அங்கே பரந்து நிற்கும். எங்கள் பின்வாசல்வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டு மெல்ல வடிந்துவிடும்.

அந்தத் தண்ணீரில் புயு என்று ஒரு மீன் உண்டு. உள்ளங்கை அளவுதான், கறுத்த பச்சை நிறம். தமிழில் அதற்குப் பனையேறிக் கெண்டை என்று பெயராம், பின்னால் எங்கோ படித்தேன். பனை ஏறி நான் பார்த்ததில்லை. சந்து ஏறிப் பார்த்திருக்கிறேன். வெயில் காலம் முடிந்து முதல் பெரிய மழை அடித்ததும், செவுளை விரித்துத் தரையில் ஊன்றி, உடம்பை நெளித்து நெளித்து, தார் ரோட்டில் நடந்து வரும். கையால் பிடித்தால் முள் குத்தி ரத்தம் வரும். என் அப்பா சட்டையைக் கழற்றிப் போட்டுப் பிடிப்பார். விலை கூடின கடல் மீன்களான தெங்கிரியும் அவருக்கு வேண்டாம், பாவாலும் வேண்டாம். புயுவுக்கு மஞ்சளும் உப்பும் தடவி மொறுமொறுவென்று பொரித்துத் தந்தால் தலையைக்கூட மிச்சம் வைக்க மாட்டார்.

அப்பா இறந்த நாளில் அம்மா வருடந்தோறும் படையல் போடுவாள். செத்தவருக்கு எது பிடிக்குமோ அதை வைப்பதுதான் எங்கள் வழக்கம். பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கு அவர் பிள்ளைகள் கறுப்பு பீரும் சுருட்டும் வைப்பார்கள். என் அப்பாவுக்குப் புயு பொரியல். முதல் நாளே அம்மா வாளியோடு பள்ளத்துக்குப் போய்விடுவாள். அங்கே வலை போடும் மலாய்க்காரப் பெரியவர் ஒருவர் இருந்தார், நாங்கள் பக்சிக் என்போம். அவர் அம்மாவுக்கென்று எடுத்துவைத்திருப்பார். அன்றைக்கு மட்டும் அம்மா வேறு ஆளாகிவிடுவாள். தலை குளித்து, பழைய சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு, யாரோடும் பேசாமல் சமைப்பாள். அங்கிளுக்கு அது தெரியும். அன்று மட்டும் வேலைக்குச் சீக்கிரமாகவே கிளம்பிவிடுவார். வருடத்தில் அந்த ஒரு நாள்தான் என் அம்மாவுக்கு என்று மிச்சம் இருந்தது. அது அந்தப் பள்ளத்தையும் அந்த மீனையும் நம்பி இருந்தது.

நான் தலைநகரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்து, பக்கத்திலேயே ஒரு பிளாட்டில் வாடகைக்கு இருந்தேன். அப்போதுதான் அந்தப் பெரிய வெள்ளம் வந்தது. வழக்கம்போல எட்டிப் பார்த்துவிட்டுப் போகவில்லை. வீட்டுக்குள் இடுப்பளவு ஏறியது. தண்ணீர் வடிந்ததும் சேற்றை வழித்துப் போட நானும் போயிருந்தேன். குளிர்சாதனப்பெட்டி மல்லாந்து கிடந்தது. மெத்தையெல்லாம் ஊறி உப்பியிருந்தது. அம்மா எதற்கும் கலங்கவில்லை. அலமாரிக்கு அடியில் அப்பாவின் படச் சட்டம் அகப்பட்டது. கண்ணாடிக்குள் சேறுதான் இருந்தது, அப்பா இல்லை. அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

அங்கிளால் அதைப் பார்க்க முடியவில்லை. சேற்றுக் கையோடு வந்து எதிரில் குந்தினார்.

"அழாதம்மா. வேற வச்சிடலாம்."

அப்பாவின் அடையாள அட்டை நகல் ஒன்று எங்கிருந்தோ கிடைத்தது. அதை ஸ்டூடியோவுக்கு எடுத்துப்போய்ப் பெரிதாக்கச் சொன்னார். அட்டைப் படத்தில் கழுத்துக்குக் கீழே ஒன்றும் இல்லை. ஸ்டூடியோக்காரனிடம் அதற்கென்றே ஓர் உடம்பு தயாராக இருக்கும் போல. நீலக் கோட்டு, சிவப்பு டை. பின்னால் ரோஸ் நிறத்தில் ஒரு வானம். என் அப்பா ஜென்மத்தில் டை கட்டியதில்லை. தீபாவளிக்கே பட்டன் போடமாட்டார்.

அம்மா படத்தைப் பார்த்து, "யாரோ மாதிரி இருக்காரு" என்றாள்.

"டீசன்டா இருக்காருலா" என்று சொல்லி, அங்கிள் அளவெடுத்து ஆணி அடித்து நேராக மாட்டினார். மாட்டிவிட்டு அம்மா பக்கம் திரும்பி, "இனிமே உன் வீட்டுக்குத் தண்ணி வராது. நான் பாத்துக்கறேன்" என்றார். அவர் அதை மனதாரத்தான் சொன்னார். அதனால் எனக்கு இன்னும் கோபம்.

குடியிருப்பாளர் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். வெள்ளத் தடுப்புத் திட்டம் ஒன்று வருகிறது என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து கால் தரையில் நிற்கவில்லை. ஆற்றோரம் உயரமாக மதில், பள்ளத்தில் முக்கால்வாசியைச் செம்மண் போட்டு மூடிவிடுவது, மிச்சத்தைச் சதுரமாக வெட்டிக் கான்கிரீட் குளம், குளத்துத் தண்ணீரை ஆற்றில் இறைத்துக் கொட்ட ஒரு பம்ப் அறை, சுற்றிலும் ஜாகிங் போகப் பாதை. ஆள் ஆளாகப் பிடித்து ஆதரவு திரட்டினார். இதில் ஒரு காசு வாங்கியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். வாங்கவில்லை. ஒரு சதுப்பையே பிடுங்கிவிட்டு வேறு வைக்கும் வாய்ப்பு யாருக்குக் கிடைக்கும்?

கோயில் மண்டபத்தில் விளக்கக் கூட்டம் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் நானும் இருந்தேன். இளவயது மலாய்ப் பெண் அதிகாரி ஒருவர் வரைபடத்தைக் காட்டி விளக்கினார். கேள்வி இருக்கிறதா என்றார். யாரும் எதிர்பார்க்கவில்லை, என் அம்மா எழுந்து நின்றாள்.

"அதுல இருக்கற மீனெல்லாம் எங்க போவும்?"

தமிழில் கேட்டாள். மண்டபத்தில் சிரிப்பு. அவரவர் சோபா மிதந்ததை நினைத்துக்கொண்டிருக்கும்போது இந்தம்மா மீனைக் கேட்கிறாளே என்ற சிரிப்பு. அதிகாரி சிரிக்கவில்லை. என்ன கேட்கிறார்கள் என்று அங்கிளைப் பார்த்தார். அங்கிள் மொழிபெயர்க்கவில்லை. தானே பதில் சொல்லிவிட்டார்.

"மீனுக்கு என்னாம்மா? வேற வாங்கி விட்டுடலாம்."

அம்மா உட்கார்ந்துவிட்டாள். அந்த அதிகாரியிடம் கேள்வி போயிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பாரோ, எனக்குத் தெரியாது. கேள்வி போகவே இல்லை என்பது மட்டும் தெரியும்.

அங்கிள் என்னை ரயில் நிலையத்தில் விட வேனில் வந்தபோது நான் பிடித்துக்கொண்டேன்.

"அங்கிள், பள்ளத்துல தண்ணி நிக்க இடம் இருக்கு. அத மூடிட்டா தண்ணி எங்க போயி நிக்கும்?"

"பம்ப் வச்சி இழுத்துருவாங்க பாப்பா. நீ கண்ணாடிக் கடையில இருக்க, இதெல்லாம் உனக்கு விளங்காது."

"பம்ப் கெட்டுப்போனா?"

"வேற வச்சிடலாம்லா."

நான் இறங்கிக் கதவை அறைந்து சாத்தினேன். அந்தக் கதவின் கைப்பிடி கழன்று தொங்கியது. அடுத்த வாரம் வந்தபோது கதவே புதிதாக இருந்தது.

வேலை தொடங்கியது. முதலில் தண்ணீரை ஒரு மூலைக்கு வெட்டி வடித்தார்கள். மீனெல்லாம் அந்த மூலையில் ஒன்றின்மேல் ஒன்றாகத் துள்ளியது. கொக்குகள் எங்கிருந்தோ கூட்டமாக வந்து தின்றன. தின்று முடித்ததும் போனவைதான், திரும்பி வரவில்லை. பக்சிக் தன் வலையைச் சுருட்டிக்கொண்டு அம்மாவிடம் வந்து, இனிமேல் மகன் வீட்டோடு இருக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். லோரி லோரியாகச் செம்மண் வந்து கொட்டியது. எங்கள் துணிகளெல்லாம் சிவந்துபோயின.

அந்த வருடம் முதல் பெரிய மழை அடித்தபோது மிஞ்சிய புயுக்கள் வழக்கம்போல் கிளம்பின. குட்டையிலிருந்து குட்டைக்கு நடந்து போய்த்தான் அவற்றுக்குப் பழக்கம். இப்போது ஒரு பக்கம் மதில், ஒரு பக்கம் செம்மண் மேடு. சந்து முழுக்க நெளிந்துகொண்டு கிடந்தன. வெயில் ஏறியதும் தாரில் ஒட்டிக் காய்ந்தன. எறும்பு மொய்த்தது. அங்கிள் தண்ணீர்க் குழாயை நீட்டிப் பிடித்துச் சந்தைக் கழுவிவிட்டார். சுத்தமாக இருந்தது. அதற்கு முன்னால் அம்மா வாளியோடு போய் உயிரோடு இருந்ததையெல்லாம் பொறுக்கிவந்திருந்தாள். கை முழுக்க முள் குத்தின காயம்.

அவற்றைப் பின்கட்டில் ஒரு பெரிய பேசினில் விட்டு, துள்ளி வெளியே போகாதபடி மேலே கம்பி வலை போட்டு வளர்த்தாள். புழு பிடித்துப் போடுவாள். ஃபோனில் என்னோடு பேசும்போது வேறு எதையும்விட மீனைப் பற்றித்தான் அதிகம் பேசுவாள்.

"ஒண்ணு வயிறு பெருத்திருக்குடி. குட்டி போடுமோ என்னமோ."

"மீன் முட்டைதான்மா போடும்."

"ஏதோ ஒண்ணு. இந்த வருசம் உங்கப்பாவுக்கு ரெண்டு எடுத்துக்குவேன். மத்தத அப்படியே விட்டுருவேன். பெருகட்டும்."

அவள் குரலில் அப்படி ஒரு தெம்பை நான் வெகுகாலமாகக் கேட்டதில்லை.

குளம் கட்டி முடித்துத் திறப்பு விழா வைத்தார்கள். கூடாரம், நாற்காலி, நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம், பெரிய மனிதர் ஒருவர். இந்த நாட்டில் குளம் திறந்தால் மீன் விடுவது ஒரு சம்பிரதாயம். பெரிய மனிதர் பிளாஸ்டிக் பையை அவிழ்த்து மீனைக் கொட்ட, எல்லோரும் கைதட்டி, படம் எடுத்துக்கொள்வார்கள். புண்ணியம் என்று நம் ஆட்களும் நினைக்கிறார்கள். அங்கிள் பண்ணையில் சொல்லிவைத்துக் கெளுத்திக் குஞ்சுகளைப் பை பையாக வரவழைத்திருந்தார். ஆப்பிரிக்கக் கெளுத்தி. கிடைத்ததையெல்லாம் தின்னும். மற்ற மீனையும் தின்னும், தவளையையும் தின்னும், ஒன்றும் கிடைக்காவிட்டால் தன் குஞ்சையே தின்னும். எதிலும் சாகாது, சீக்கிரம் பெருக்கும், விலையும் மலிவு. அங்கிளுக்கு வேறு என்ன வேண்டும்?

அன்று அம்மா காலையில் கோயிலுக்குப் போயிருந்தாள். நான் ரயிலில் வந்து இறங்கி நேராகக் குளத்தங்கரைக்குப் போனேன். கெளுத்தியெல்லாம் விட்டாயிற்று. அங்கிள் ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தார். எங்கள் வீட்டு வாளி. மைக்கைப் பிடித்து, இது இந்த மண்ணின் மீன், என் மனைவி வளர்த்தது, இன்று சொந்த வீட்டுக்குத் திரும்புகிறது என்று மலாயில் சொன்னார். கைதட்டல். வாளியைக் கவிழ்த்தார்.

நான் கத்தினேனா என்று எனக்கு நினைவில்லை. கோயிலிலிருந்து வந்த அம்மா கூட்டத்துக்குப் பின்னால் திருநீறோடு நின்றுகொண்டிருந்தாள். அங்கிள் முகமெல்லாம் வியர்வையும் சிரிப்புமாக அவளிடம் வந்தார்.

"எதுக்கும்மா பேசினுல அடைச்சி வைக்கணும்? எவ்ளோ பெரிய குளம் பாரு."

அம்மா குளத்தைப் பார்த்தாள். நாலு பக்கமும் நெட்டுக்குத்தாகக் கான்கிரீட் சுவர். ஒரு புல் இல்லை, ஒளிய ஒரு வேர் இல்லை. புயு ஏறி வரக் கரை இல்லை. அடியில் அத்தனை கெளுத்தி. அம்மா வீட்டுக்கு நடந்தாள். பேசினைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

அந்த வருடப் படையலுக்கு அங்கிளே பாசாருக்குப் போய்ப் பெரிய கெளுத்தியாக வாங்கி வந்து, "அதவிட சதை அதிகம்மா" என்றார். அம்மா மஞ்சள் தடவிப் பொரித்தாள். இலையில் வைத்தாள். கோட்டுப் போட்ட அப்பாவுக்குக் கற்பூரம் காட்டினாள். கும்பிடவில்லை. அன்று அங்கிள் வேலைக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்தார், தான் வாங்கிய மீன் என்பதால்.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு நாள் மதியம் அம்மா கடைக்கு ஃபோன் பண்ணினாள். "தண்ணி ஏறுதுடி" என்றாள், அவ்வளவுதான். ரயில் ஓடிக்கொண்டிருந்தது. நிலையத்திலிருந்து முழங்கால் தண்ணீரில் நடந்தே போனேன். மதில் ஆற்றைத் தடுத்து நிறுத்தியிருந்தது. அதில் பொய் இல்லை. ஆனால் விடாமல் பெய்த மழை மதிலுக்கு இந்தப் பக்கம் நின்றது. முன்பென்றால் பள்ளத்தில் போய்ப் படுத்திருக்கும். இப்போது பள்ளம் இல்லை, குளம் நிரம்பி வழிகிறது, பம்ப் குப்பை அடைத்து நின்றுவிட்டது. தண்ணீருக்கு இருந்த ஒரே பள்ளம் எங்கள் வீடுகள்தான்.

உள்ளே போனேன். அம்மா சாப்பாட்டு மேசைமேல் ஒரு பையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அங்கிள் தண்ணீரில் நின்று சுவரில் டேப்பை வைத்து அளந்துகொண்டிருந்தார்.

"போன தடவைய விட கம்மிதான் பாப்பா" என்றார் என்னைப் பார்த்து.

கூடத்தில் ஏதோ கறுப்பாக அசைந்தது. கெளுத்தி. தொடை கனத்துக்கு வளர்ந்திருந்தது. மீசையை ஆட்டிக்கொண்டு சோபாக் காலை உரசிப்போனது. பின்னாலேயே இன்னொன்று. சுவரில் டை கட்டிய அப்பா இருந்தார், அவருக்குக் கீழே சாமி மேடையைச் சுற்றிக் கெளுத்திகள் இரை தேடிக்கொண்டிருந்தன.

அங்கிள் டேப்பைச் சுருட்டினார். முகத்தில் அந்த வெளிச்சம் வந்தது. அப்போதும் வந்தது, அதை என் கண்ணால் பார்த்தேன்.

"பயப்படாதம்மா. இந்த வீடே வேணாம். வித்துட்டு வேற வீடு வாங்கிடலாம்."

அம்மா மேசையிலிருந்து இறங்கினாள். பையை என்னிடம் கொடுத்தாள். கோபமாகப் பேசவில்லை, கடைக்காரரிடம் கணக்கு முடிப்பதுபோலத்தான் பேசினாள்.

"எல்லாத்தையும் மாத்திட்டீங்க. நான் ஒருத்திதான் பாக்கி. என்னையும் மாத்திக்குங்க."

அவருக்குப் புரியவில்லை. காதிலிருந்த பென்சிலைத் தொட்டுப் பார்த்தார். அம்மா என்னிடம் அப்பா படத்தைக் காட்டி, "அத எடுத்துக்கோ" என்றாள். எடுத்துக்கொண்டேன். இருவரும் தண்ணீரில் நடந்து வெளியே வந்தோம். அவர் பின்னாலேயே வாசல்வரை வந்து, "எப்பம்மா வருவ?" என்று கேட்டார். அம்மா திரும்பிப் பார்க்கவில்லை.

அதன்பின் ஞாயிறுதோறும் வேனை எடுத்துக்கொண்டு பிரிக்பீல்ட்ஸ் வருவார். ஒரு முறை ரைஸ் குக்கர், ஒரு முறை ஃபேன், ஒரு முறை புது மெத்தை. நான் வாசல் கிரில் கதவைத் திறக்க மாட்டேன். அம்மா உள்ளே இருந்தபடி ரெண்டு வார்த்தை பேசுவாள், சாப்பிட்டீங்களா என்பாள். எங்கள் கிரில்லில் துரு ஏறியிருந்தது. பேசும்போது அவர் கண் அதிலேயே இருக்கும். கை பரபரக்கும். போகும்போது கொண்டுவந்ததை வெளியே வைத்துவிட்டுப் போவார். நான் எதையும் உள்ளே எடுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

கிள்ளான் வீட்டில் தனியாக இருந்து சீலிங் பலகையை மாற்றும்போது ஏணியிலிருந்து விழுந்து செத்துப்போனார். வெள்ளத்தில் ஊறிய பலகை. துடைத்து வண்ணம் அடித்தால் போதும் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னாராம். அம்மா அழுதாள். நான் அழவில்லை. அந்த மடங்கிய வால் பூனை வாசலில் உட்கார்ந்திருந்தது. அதை மட்டும் நான் தூக்கிவந்தேன்.

படம் செய்ய அதே ஸ்டூடியோவுக்குத்தான் போனேன். அவருக்கும் அடையாள அட்டைப் படம் ஒன்றுதான் இருந்தது. ஊர் வேலையெல்லாம் செய்தவர், ஒரு நல்ல படம் எடுத்துவைத்துக்கொள்ளவில்லை. ஸ்டூடியோக்காரன் ஒன்றும் கேட்கவில்லை. போய் வாங்கினால், அதே நீலக் கோட்டு, அதே சிவப்பு டை, பின்னால் அதே ரோஸ் வானம். டையின் முடிச்சுகூட அதே சாய்வு. எங்கள் பிளாட் சுவரில் இரண்டு பேரும் ஒரே உடம்போடு பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள்.

பதினாறாம் நாள் படையல். காலையில் பாசாருக்குப் போகப் பையை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் கேட்டேன்.

"அவருக்கு என்னம்மா புடிக்கும்?"

அம்மா சுவரைப் பார்த்தாள். அத்தனை வருடம் அவருக்குச் சமைத்துப் போட்டவள்.

"தெரியலையேடி. இது இல்லன்னா அதுன்னு சாப்பிடுவாரு."

"அப்ப என்னதான் வைக்கிறது?"

அம்மா இலையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"எதையாச்சும் வச்சிடு."

பாசாரில் அன்றைக்கும் கெளுத்திதான் குவிந்து கிடந்தது. அதையே வாங்கி வந்தேன்.